தென்காசியில் கணினி பழுதுபார்த்த கதை

வீட்டுக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிடுவது, தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துச் சர்வீஸ் கடைகளுக்குக் கால் நூற்றாண்டாகச் சோறு போட்டுவரும் கோளாறு. திரையில் இருந்த படம் அப்படியே நிற்கும். மவுஸ் அம்பு நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. கடைக்கு வருபவர் 'சிஸ்டம் ஹேங் ஆகுது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வார். அதற்குள் மின்சாரம், வெப்பம், ஈரம், ரேம், ஹார்டு டிஸ்க், மதர்போர்டு என்று அரை டஜன் காரணங்கள் இருக்கலாம். எந்தக் காலத்தில் எந்தக் காரணம் தலைதூக்கியது என்று பார்த்தாலே இந்தத் தொழிலின் வரலாறு பெருமளவு விளங்கிவிடும்.

கணினி வருவதற்கு வெகு முன்பே இந்த ஊர்களில் பழுதுபார்க்கும் கைகள் தயாராக இருந்தன. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கிய பின் தாமிரபரணிச் சீமையில் மின்சாரம் மெல்ல மெல்லப் பரவியது. அதைத் தொடர்ந்து வால்வு ரேடியோவும் பிறகு டிரான்சிஸ்டரும் வந்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. சிறு நகரங்களில் டி.வி. பெட்டி பெருகியது 1980-களில்தான். ரேடியோ மெக்கானிக் டி.வி. மெக்கானிக் ஆனார். ஒரு சால்டரிங் இரும்பு, ஒரு மல்டிமீட்டர், பழைய செட்டுகளில் கழற்றிச் சேர்த்த உதிரிகள் நிறைந்த பிஸ்கட் டப்பா, இவ்வளவுதான் அவரது கருவிகள். சர்க்யூட் படம் இல்லாமலே எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று சொல்லக்கூடியவர் அவர். பிற்காலத்தில் மதர்போர்டில் துணிந்து இரும்பு வைத்தவர்கள் இந்த மரபில் வந்தவர்களே. கணினிப் படிப்பு மட்டும் படித்து வந்தவருக்குக் கார்டு மாற்றத் தெரியும். கண்டென்சர் மாற்ற டி.வி. மெக்கானிக்தான் வேண்டும்.

ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் நண்பர்களோடு சேர்ந்து எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. ஆனாலும் அந்தக் காலத்துக் கணினி அலுவலகச் சொத்து. குளிரூட்டிய அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் மரியாதை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் அதற்கு உண்டு. பழுதானால் நிறுவனத்தின் பொறியாளர் வெளியூரிலிருந்து பெட்டியோடு வந்து, கார்டை மாற்றிவிட்டுப் போவார். உள்ளூர் மெக்கானிக்குக்கு அதில் வேலையே இல்லை.

தெருவுக்கும் வீட்டுக்கும் கணினி இறங்கியது 1990-களின் பிற்பகுதியில். தட்டச்சுப் பயிலகங்கள் ரெமிங்டன் இயந்திரங்களை ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு இரண்டு கணினிகளை வாங்கிப் போட்டன. டி.டி.பி. மையங்கள் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் அடித்தன. 1998-ல் இணையச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. ஒரு சின்ன அறைக்குள் தடுப்பு வைத்து ஏழெட்டுக் கணினிகள், காலை முதல் இரவு வரை ஓயாத ஓட்டம், ஒரே ஒரு மின்விசிறி. பழுதுபார்ப்பவருக்கு மாதம் தவறாமல் வேலை கொடுத்த முதல் வாடிக்கையாளர்கள் இவர்களே.

இந்தக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அசெம்பிள்டு. நிறுவன முத்திரை பதித்த கணினியைவிடக் கணிசமாக விலை குறைந்தவை. உதிரிகள் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலிருந்து வந்தன. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிகளுக்குப் பேர்போன அந்தத் தெரு, கணினி உதிரிகளின் மொத்தச் சந்தையாக மாறியிருந்தது. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. அதன்படி இறக்குமதி வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பூஜ்யத்தை எட்ட, உதிரிகளின் விலையும் இறங்கியது.

தூரம் ஒன்றுதான் குறையாமல் இருந்தது. மீட்டர்கேஜில் ஓடிய கொல்லம் மெயிலும், 2004-ல் விருதுநகர்–தென்காசி பாதை அகலமான பிறகு வந்த பொதிகை எக்ஸ்பிரஸும், ஆம்னி பஸ்களும் உதிரிகளைச் சுமந்தன. எதில் வந்தாலும் ஓர் இரவுப் பயணம். வாரண்டிக்குக் கொடுத்த மதர்போர்டு போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சென்னையில் சந்தேகப்பட்ட உதிரியை உடனே மாற்றிப் பார்க்கலாம், பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். தென்காசியில் அது முடியாது. அதனால் எது பழுது என்று உறுதியாகத் தெரியும் முன் புதிது வாங்கச் சொல்வது கடைக்காரருக்கு ஆபத்தான பழக்கம். சரியாக நோய் கண்டறிவதும், முடிந்தவரை உள்ளதையே சரிசெய்வதும் இங்கே தொழில் நிபந்தனையாகவே ஆகிப்போயின.

உறையும் கணினியைப் பார்க்கும் வரிசை இப்படித்தான் உருவானது. முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்ப்பார்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி இன்னும் உயிரோடிருக்கிறது. எதற்கோ காத்திருக்கிறது, பெரும்பாலும் ஹார்டு டிஸ்குக்கு. விளக்கு அசையாவிட்டால் உறைந்தது அடிமட்டத்தில். ரேம், போர்டு, மின்சாரம் என்று தேட வேண்டும். அடுத்த கேள்வி, எப்போது உறைகிறது? போட்டுப் பத்து நிமிடம் கழித்து என்றால் வெப்பம். காலையில் முதல் முறை போடும்போது மட்டும் தகராறு, இரண்டு மூன்று தரம் அணைத்துப் போட்டால் பிறகு நாள் முழுக்க ஒழுங்கு என்றால் கண்டென்சர். பழுத்த கண்டென்சர் சூடேறியதும் ஓரளவு வேலை செய்யும். உறையாமல் பட்டென்று அணைந்துவிட்டால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி அல்லது பிராசசரின் கட்டுக்கடங்காத சூடு.

இதிலும் தெளிவு பிறக்காவிட்டால் போர்டை வெளியே எடுப்பார்கள். மேசையில் பழைய செய்தித்தாளையோ அட்டைப் பெட்டியையோ விரித்து அதன் மேல் போர்டை வைப்பார்கள். பிராசசர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். பவர் பட்டனுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஃபேன் சுற்றும். ஒரு 'பீப்' வந்தால் அடிப்படை சரி. அவார்டு என்ற பயாஸ் நிரல் உள்ள போர்டில் நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் கத்தினால் ரேம். சத்தமே இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், எதைச் சேர்த்ததும் உறைகிறதோ அதுவே குற்றவாளி. பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகளும் இதே முறையைத்தான் சொல்கின்றன. இங்கே அதைக் கையேடு பார்க்காமல் செய்தார்கள்.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், மின்சாரத்தில் தொடங்குவதே நியாயம். தென்னிந்தியச் சிறு நகர வீடுகளில் எர்த் கம்பி ஒழுங்காக இருப்பது அபூர்வம். எர்த் இல்லாத பிளக்கில் கணினியைச் செருகினால், எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கண்டென்சர்கள் வழியாக மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி கேபினெட் தகட்டில் வந்து நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருசுரு என்று இருக்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் அதில் இல்லை. ஆனால் பிரிண்டர், மோடம் கேபிள்களைச் செருகிக் கழற்றும்போது போர்டின் போர்ட்டுகள் அடிபடும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் வேறு. டயல்–அப் காலத்தில் மின்னல், தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கி மோடத்தைக் கருக்கும். சில சமயம் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

மலிவான கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்கள் இன்னொரு தலைவலி. மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். உள்ளே அதற்கான சரக்கு இருக்காது. தேர்ந்த கை அதைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடும்: எடை குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சின்னவை. சந்தேகமிருந்தால் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு ஒயரால் இணைத்து ஓடவிட்டு, மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா என்று மீட்டர் வைப்பார்கள். ஐந்து சதவீதம் மேலோ கீழோ போகலாம். அதற்கும் கீழே இறங்கினால் பளு ஏறும் நேரத்தில் கணினி உறையும்.

2008-ல் தொடங்கி 2012-ல் உச்சம் தொட்ட மின்வெட்டு இந்தப் பிரச்சினையைப் பல மடங்காக்கியது. சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லை. யு.பி.எஸ். ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. அந்நாளில் அடிக்கடி வந்த ஒரு புகார் விசித்திரமானது: யு.பி.எஸ். புதிது, பேட்டரி புதிது, இருந்தாலும் கரண்ட் போனதும் கணினி அணைந்துவிடுகிறது. பலர் யு.பி.எஸ்ஸையே திரும்பத் திரும்ப மாற்றினார்கள். குற்றம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற ஒருசில மில்லி விநாடி பிடிக்கும். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கண்டென்சர்களில் சேர்த்துவைத்த மின்சாரத்தால் கணினியைத் தாங்க வேண்டும். புதிதில் அது சுமார் 16 மில்லி விநாடி தாங்கும். கண்டென்சர் கிழடாகிவிட்டால் அந்தத் தெம்பு இருக்காது. நூறு ரூபாய்ச் சமாச்சாரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த வீடுகள் உண்டு.

அந்த ஆண்டுகளில் ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் மின்வெட்டு சற்றுத் தணிந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றியதே காரணம். ஆனால் அதே காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலையும் கொண்டுவருகிறது. மின்சாரத்தால் வந்த நிம்மதியை ஈரம் பறித்துக்கொண்டது.

குற்றாலத்தில் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பேரருவியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் மேற்கே ஐந்தருவிப் பக்கம் மலை நெருங்கிவருவதால், தூறலும் மூடுபனியும் நாள் முழுக்க நீடிக்கும். வெண்ணமடைக் குளத்தையும் தோட்டங்களையும் ஒட்டிய விடுதிகளிலும் வீடுகளிலும் சுவரில் பூஞ்சை படர்வதும், துணி காயாமல் நாற்றமெடுப்பதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. புகைப்படக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று அஞ்சி அரிசிக்குள் கேமராவைப் புதைத்துவைத்த காலம் உண்டு. கணினியில் ஈரம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, உள்ளே படிந்திருக்கும் தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு லேசாக மின்சாரம் கடத்தத் தொடங்கும். நுண்ணிய சமிக்ஞைகள் ஓடும் இடத்தில் அந்தக் கசிவே உறைவதற்குப் போதும். மற்றொன்று, ரேம் சொருகும் இடத்தில் உலோகத் தொடுமுனைகள் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படியும். டிஸ்ப்ளே வராத கணினியில் ரேமைக் கழற்றி, அதன் தங்க முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டில் பிரஷ் ஓட்டி மறுபடி செருகினால் பாதிக் கணினிகள் எழுந்துவிடும். இந்தியா முழுக்க எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த வைத்தியம் இது. ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அவரவர் கைப்பக்குவம்.

ஓடும் கணினியை ஈரம் அவ்வளவாக அண்டுவதில்லை. உள்ளிருக்கும் சூடே அதை உலர்த்திவிடும். கெட்டுப்போவது சும்மா கிடக்கும் கணினி. சீசன் முடிந்ததும் ஆளில்லாமல் கிடக்கும் விடுதிகளில் வரவேற்பு மேசைக் கணினி பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மாதக்கணக்கில் இருக்கும். போர்டின் கடிகாரத்தை அப்போது ஓட்டுவது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி மட்டுமே. அது தீர்ந்துவிட்டால் மறுபடி போடும்போது தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். பில்லில் தேதி தப்பும், இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி மறுக்கும், பயாஸ் அமைப்புகள் அழிந்து டிஸ்கையே அடையாளம் காணாமல் கணினி நிற்கும். ஈரமும் கதகதப்பும் தேடி வரும் உயிர்களும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கருகிய பல்லி, கீபோர்டு ஒயரைக் கடித்த எலி, கேபினெட்டுக்குள் குடியேறிய எறும்பு எல்லாம் கடைக்காரர்களுக்குச் சாதாரணம்.

வெப்பத்தின் கதை 2004-ல் உச்சத்துக்குப் போனது. அந்த ஆண்டு வந்த 'பிரெஸ்காட்' வகை பெண்டியம் 4 பிராசசர்களில் சில 115 வாட் வரை சூட்டைக் கக்கின. அதே ஆண்டு வந்த 775 சாக்கெட்டில் ஹீட் சிங்க்கைப் பிடித்துவைக்கத் திருகு கிடையாது, நான்கு பிளாஸ்டிக் முளைகள் மட்டுமே. கழற்றி மாட்டும்போது ஒரு முளை உடைந்தாலோ சரியாகப் பதியாவிட்டாலோ ஹீட் சிங்க் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பிராசசர் சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், கணினி நத்தையாகும், பிறகு நின்றுவிடும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளி விரித்ததுபோல அடைத்திருக்கும். ப்ளோயரால் ஊதி, காய்ந்த பேஸ்ட்டைச் சுரண்டி, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு முளைகளும் 'டக்' என்று பதிந்தனவா என்று போர்டின் அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் வேலை முடிந்தது. உறையும் கணினிகளுக்குச் செய்யப்பட்ட சிகிச்சைகளில் மிக மலிவானது இதுவே, அதிகம் பலித்ததும் இதுவே.

இந்தக் காலகட்டத்தின் பெரிய நிகழ்வு, உலகம் முழுவதையும் பீடித்த கண்டென்சர் நோய். 1999-லிருந்து 2007 வரை தயாரான ஏராளமான மதர்போர்டுகளில், தைவானியத் தயாரிப்பாளர்கள் சிலர் செய்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் ஆயுள் முடியும் முன்பே வீங்கி வெடித்தன. உள்ளிருந்த நீர் கலந்த திரவத்தில் அலுமினியத்தை அரிக்காமல் காக்கும் சேர்மானம் சரியாக இல்லை. அலுமினியம் அரிக்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். உருளையின் தலை உப்பும். அதற்கென்றே கீறி வைத்த குறியின் வழியாகப் பழுப்பு நிறக் கசிவு வெளியேறும். ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் சூத்திரம் திருடப்பட்டு, பாதி மட்டும் தைவானுக்குப் போய்ச் சேர்ந்ததே காரணம் என்ற கதை அக்காலத் தொழில்துறைப் பத்திரிகைகளில் உலவியது. அது முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் 1 கோடியே 18 லட்சம் இந்த ஆபத்துக்கு உள்ளானவை என்று நீதிமன்ற ஆவணங்கள் வழியாக 2010-ல் தெரியவந்தது. அதற்காக டெல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

இந்தியாவில் விற்ற அசெம்பிள்டு கணினிகளுக்குக் கணக்கு எழுத ஆளில்லை. அவை சர்வீஸ் கடைகளின் மேசையில்தான் கணக்குத் தீர்ந்தன. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் 6.3 வோல்ட், 3300 மைக்ரோஃபாரட் உருளைகளில் நாலைந்து தலை உப்பியிருக்கும். அவைதான் பிராசசருக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்குபவை. கெட்டால் மின்சாரம் அலைபாயும், கணினி காரணமில்லாமல் உறையும், விண்டோஸ் நீலத்திரை காட்டும். மென்பொருள் கோளாறு என்று எண்ணி இரண்டு மூன்று முறை ஃபார்மட் போட்ட பிறகே பலர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள்.

டி.வி. மெக்கானிக் மரபு கைகொடுத்தது இங்கேதான். ஆனாலும் எளிதாக இல்லை. பல அடுக்குப் பலகையில் கிரவுண்ட் தளம் சூட்டை இழுத்துக்கொள்ளும். ரேடியோவுக்குப் பயன்பட்ட 25 வாட் இரும்பு ஈயத்தை உருக்கத் திணறும். 60 வாட் இரும்பு வேண்டும், அதையும் அதிக நேரம் வைத்தால் தாமிரப் பட்டை உரிந்துவிடும். கண்டென்சரைக் கழற்றியதும் துளைக்குள் உறைந்த ஈயத்தை ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளாவிட்டால், மாற்றி வைத்தது போட்டவுடன் வெடிக்கும். ரேடியோ உதிரிக் கடையில் கிடைத்த சாதாரணக் கண்டென்சரைப் போட்டவர்களின் போர்டு சில வாரங்களில் மறுபடி வந்தது. மதர்போர்டுக்கு வேண்டியது உள்மின்தடை குறைந்த, 105 டிகிரி தாங்கும் வகை. அது கைக்கு எட்டாதபோது, செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து நல்ல கண்டென்சரைக் கழற்றிப் பொருத்தினார்கள். முன்னூறு ரூபாய்க்குள் முடிந்த இந்த வேலை, பல ஆயிரம் ரூபாய் போர்டுகளைப் பிழைக்கவைத்தது.

சூட்டுக்கும் கண்டென்சர் ஆயுளுக்கும் உள்ள உறவு ஓர் எளிய கணக்கு. சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கண்டென்சர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 11 ஆண்டு. தூசி அடைத்து உள்ளே பத்து டிகிரி ஏறினால் அது ஐந்தரை ஆண்டாகச் சுருங்கும். 2000-களின் இறுதியில் திரவமில்லாத சாலிட் கண்டென்சர்கள் பரவலாகி, இந்த வேலை மெல்லக் குறைந்தது. மதர்போர்டு என்றால் இன்டெல் போர்டுதான் என்று வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய காலமும் முடிந்தது. மேசைக் கணினிக்கான போர்டு தயாரிப்பிலிருந்து விலகுவதாக இன்டெல் 2013 ஜனவரியில் அறிவித்தது.

ஹார்டு டிஸ்கால் உறைவது வேறு ரகம். மவுஸ் நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்காது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். படிக்க முடியாத ஒரு பகுதியை டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதே காரணம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. அகலமான ஐடிஇ கேபிள் லேசாகக் கழன்றிருந்தால் தரவில் பிழை வரும். பிழைகள் சேர்ந்ததும் எக்ஸ்பி அந்த டிஸ்கை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து பழைய பிஐஓ முறைக்குத் தள்ளிவிடும். கேபிளைச் சரிசெய்த பிறகும் அது தானாகத் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சேனலை நீக்கிவிட்டு மறுபடி துவக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல டிஸ்குகள் எத்தனையோ குப்பைக்குப் போயின. டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்துவிட்டால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. கோப்புகளைக் காப்பாற்றுவது மட்டுமே மிச்சம். ரேம் சந்தேகத்துக்கு 1994-ல் வெளிவந்த மெம்டெஸ்ட்86 பேருதவியாக இருந்தது. அதன் சிடியைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால், ரேமில் கோளாறு இருந்தால் காலையில் திரையில் சிவப்பு வரிகள் நிற்கும்.

மடிக்கணினி இந்தத் தொழிலின் இலக்கணத்தையே மாற்றியது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இலவச மடிக்கணினிகளை அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கியது. அதுவரை கணினியே இல்லாத கிராமத்து வீடுகளில் ஒரு கணினி வந்தது. வாரண்டி முடிந்ததும் அவை பழுதுக்கு வரத் தொடங்கின. கேபினெட்டில் ஒவ்வொரு கார்டாகக் கழற்றிப் பார்க்கும் பழைய முறை இதில் செல்லாது. எல்லாம் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும். ஐரோப்பிய விதிகளால் 2006 ஜூலைக்குப் பிறகு உலகெங்கும் ஈயமில்லாத சால்டர் வழக்கத்துக்கு வந்தது. பழைய ஈயக் கலவையைவிட முரடான அந்தச் சால்டர், சூடாகி ஆறி சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் விரிசல் விடும் என்ற புகார் பரவலாக எழுந்தது. 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை எழுதிய கடைகள் ஹாட் ஏர் கன்னும் மைக்ரோஸ்கோப்பும் வாங்கின. வெறுமனே சூடுகாட்டி ஒட்டவைக்கும் 'ரீஹாட்' பெரும்பாலும் சில மாதத் தவணை வாங்கியதோடு சரி. சிப்பையே பெயர்த்து அடியில் புதுக் குண்டுகள் பதிக்கும் 'ரீபால்' ஓரளவு நிலைத்தது. வாடிக்கையாளரிடம் இந்த வித்தியாசத்தை எல்லாக் கடைகளும் சொன்னதாகக் கூற முடியாது.

அதே 2011-ல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. பழைய குற்றாலத்துச் சாரல் எட்டும் தூரத்தில் உலகச் சந்தைக்கான மென்பொருள் எழுதப்பட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அங்கேயே குடிவந்தார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. கணினி இந்த வட்டாரத்தில் வெளியூரிலிருந்து வரும் பொருளாக மட்டும் இருந்த நிலை ஸோஹோவின் வருகையோடு மாறியது. பழுதுபார்க்கும் கடைகளுக்கு நேரடியாக அதனால் பெரிய வேலை வந்துவிடவில்லை என்றாலும், கணினி படித்த பிள்ளைகள் ஊரிலேயே இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது.

2020 பெருந்தொற்று, பரணில் கிடந்த கணினிகளைக் கீழே இறக்கியது. பள்ளி வகுப்புகள் இணையத்துக்கு மாறியதும், பத்து ஆண்டுப் பழைய கோர் 2 டுயோ கணினிகளைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். உறைவதுதான் இம்முறையும் புகார். மருந்து மட்டும் புதிது. சுழலும் டிஸ்குக்குப் பதிலாகச் சிறு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, ரேமைக் கூட்டி, ஹீட் சிங்க்கைச் சுத்தம் செய்தால் அந்தக் கணினிகள் வகுப்பு நடத்தும் அளவுக்கு ஓடின. டிஸ்க்கால் வந்த பழைய உறைவுகளில் பெரும்பகுதியை எஸ்எஸ்டி ஒழித்துவிட்டது. அதன் இடத்தில் புதுத் தொல்லை ஒன்று வந்தது: எஸ்எஸ்டி சாகும்போது சத்தமில்லாமல், முன்னறிவிப்பில்லாமல் போய்விடுகிறது. 'டிக் டிக்' என்று எச்சரித்த பழைய டிஸ்க் அந்த வகையில் மேல்.

மின்னணுக் கழிவுக்கான விதிகள் 2012 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தன. 2022-ல் திருத்தி எழுதப்பட்ட விதிகளும் தயாரிப்பாளர் தலையில்தான் பொறுப்பை வைக்கின்றன. அசெம்பிள்டு கணினிக்கு ஒற்றைத் தயாரிப்பாளர் என்று யாரும் இல்லாததால் அவை பெரும்பாலும் பழைய இரும்புக்காரரிடமே போகின்றன. போவதற்கு முன் நல்ல கண்டென்சர், ஃபேன், ரேம், ஹீட் சிங்க் எல்லாம் சர்வீஸ் கடைப் பெட்டிக்குள் இறங்கிவிடும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். இங்கே கண்டென்சர் மாற்றி, பேஸ்ட் வைத்து, எஸ்எஸ்டி பொருத்திப் பிழைக்கவைத்த கணினிகளில் அநேகமாக எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. லினக்ஸ் போட்டால் அவை இன்றும் உறையாமல் ஓடும்.